ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னது நான்

தம்பி, நீ எழுதியது பொய்.

நம் தெரு நலச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரை எனக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். "அந்தக் காலத்தில் தெருவே எங்கள் வீட்டில் கூடும். ஞாயிறு காலை வரும் இந்தி மாயாஜாலத் தொடரை என் தந்தையார் அனைவருக்கும் தமிழில் விளக்கிச் சொல்வார். குடியிருந்த ஒரு பெண் ஒருமுறை தவறாக எதையோ சொல்லி எல்லோரையும் குழப்பியதும் உண்டு" என்று போட்டிருக்கிறாய்.

அந்த 'ஒரு பெண்' நான்தான். குழப்பியதும் நான்தான். அதை அன்றைக்கே உங்கள் வீட்டு ஹாலில் முப்பது பேர் முன்னால் நின்று ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றரை வருஷம் வாராவாரம் அந்தக் கதையைச் சொன்னதும் நான்தான். தப்பை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாய்.

உன் அப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. நான் பார்த்த வீட்டுக்காரர்களிலேயே நல்ல மனுஷன். உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உன்னைத்தான் நாலு வார்த்தை கேட்டிருப்பார். அவருக்கு இந்தியில் தெரிந்தது 'அச்சா', 'நஹி' இரண்டுதான். அதையும் இடம் மாற்றிச் சொல்வார். உனக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நீ அந்த ஹாலில் இருந்ததே கிடையாது. காலேஜ் பையன்களோடு கிரிக்கெட் ஆடப் போய்விடுவாய். பார்க்காததை எழுதியிருக்கிறாய். பார்த்தவள் எழுதுகிறேன், படி.

என் அப்பா விமானப்படை மெஸ்ஸில் சமையல்காரர். ஊர் ஊராக மாற்றுவார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை நான் வடக்கே இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அப்பாவுக்குத் தாம்பரத்துக்கு மாற்றல் வந்தபோது எனக்குத் தமிழ் எழுதுவதுதான் தகராறு. அதெல்லாம் போய், கல்யாணமாகி, மேற்குத் தாம்பரத்தில் உங்கள் வீட்டின் பின்போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் போல்ட்டு செக் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மரையில் கேஜ் என்கிற அளவு வளையத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். ஏறினால் ஒரு டப்பா, ஏறாவிட்டால் இன்னொரு டப்பா. அவ்வளவுதான் வேலை.

தொடர் ஆரம்பித்த முதல் வாரம் நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன். ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு ராணி, ஒரு மந்திரவாதி, ஏரிக்கு அடியில் ஓர் அரண்மனை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. சோப்பு விளம்பரம் வந்ததும் உன் அப்பா பொதுவாகக் கேட்டார்: "அவ இன்னாத்துக்குத் தண்ணியப் பாத்து அழுவுறா?"

"அவ தம்பியை அந்த ஏரிக்குள்ள புடிச்சு வெச்சிருக்காங்கண்ணா. மூணு நாள்ல அவ நாட்டைக் குடுக்கலைன்னா பையன் மீனாயிடுவானாம்" என்றேன்.

எட்டுப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் உன் அப்பா.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வாரம் பதினைந்து பேர். ஒரு மாதத்தில் ஹால் நிரம்பி வாசற்படி வரை உட்கார்ந்தார்கள். ஒரு வழக்கம் தானாக அமைந்தது. தொடர் ஓடும்போது யாரும் என்னிடம் அர்த்தம் கேட்கக் கூடாது. விளம்பரம் வந்ததும் நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் நிற்பேன். டீத்தூள், பற்பசை, சோப்பு, சைக்கிள், இத்தனையும் முடிவதற்குள் அதுவரை நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். பற்பசைக்குள் சண்டையை முடித்தால்தான் சைக்கிளுக்குள் காதலைச் சொல்ல முடியும். முதலில் திணறினேன். பிறகு பழகிவிட்டது. நன்றாகவே சொன்னேன். இதில் எனக்கு அடக்கம் ஒன்றும் கிடையாது. என்னைப்போல் அந்தத் தெருவில் வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஏனென்றால் நான் புத்தகத்தையும் படித்தேன். அந்தத் தொடர் ஒரு பழைய இந்தி நாவலிலிருந்து எடுத்தது என்று டைட்டிலில் போடுவார்கள். கேம்ப் ரோட்டில் ஒரு பழைய பேப்பர் கடை. ஏர்ஃபோர்ஸ் குடும்பங்கள் மாற்றலாகிப் போகும்போது இந்திப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் அங்கேதான் எடைக்குப் போடுவார்கள். போய்க் கிளறினேன். மூன்று பாகம், மூன்றும் கிடைத்தன. இரண்டாம் பாகத்துக்கு அட்டை இல்லை. பட்டறைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் மேஸ்திரியிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். அப்படி ஒரு புத்தகம். வாரம் முழுக்கப் புத்தகத்தில் ஒரு ராணி, ஞாயிற்றுக்கிழமை டிவியில் இன்னொரு ராணி. புத்தகத்து ராணி கறுப்பு, முன்கோபக்காரி, கெட்ட வார்த்தை பேசுவாள். டிவி ராணி வெளுப்பாக இருந்தாள், பேசியதைவிட அழுததுதான் அதிகம். எனக்கு முதல் ராணியைத்தான் பிடிக்கும். ஆனால் டிவி ராணி வாளை உருவினால் நானும் மற்றவர்களோடு சேர்ந்து கத்துவேன்.

செட்டெல்லாம் அட்டை. எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பூதம் நடந்தால் அதன் கொம்பு ஆடும். குகைப் பாறையில் வீரன் சாய்ந்தால் பாறை உள்வாங்கும். ஏரி அரண்மனையைக் காட்டும்போது கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து எடுத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்தது மீன்கார அக்கா.

அந்த அக்கா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நம் தெருவில் மீன் விற்பவர். ஞாயிறு காலைதான் அவருக்கு வியாபாரமே. ஆனால் ஒன்பது மணிக்குக் கூடையை உங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியில் இறக்கி, ஈரக் கோணியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்துவிடுவார். வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டால், "கதை ஓடுதுல்ல? இரு. மீனு இன்னா எழுந்து ஓடியா பூடும்?" என்று உள்ளேயிருந்தே அதட்டுவார். வேறு வழியில்லாமல் அவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டம் சேர்ந்ததில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான்.

ஏரியைப் பார்த்ததும் அக்கா சொன்னார்: "இது இன்னா ஏரி? இதுல ஓடுறது கண்ணாடித் தொட்டி மீனு. இதைக் கொயம்பு வெச்சா வூட்டுக்காரன் நம்மளையே தூக்கிக் கொயம்புல போட்டுடுவான்." ஹாலே சிரித்தது. அடுத்த நிமிஷம் அந்தத் தொட்டித் தண்ணீருக்குப் பின்னாலிருந்து ராணியின் தம்பி, "அக்கா" என்று கூப்பிட்டான். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தோம், நம்பவும் செய்தோம். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரியாதவர்கள் மாயாஜாலக் கதை பக்கம் வரவே வேண்டாம்.

உன் தாய்மாமாவும் வருவார். இந்தி எதிர்ப்புக் காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசினவர். அதை வாரம் ஒருமுறை எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவார். முதல் வரிசையில், டிவிக்கு மிக அருகில் உட்காருவதும் அவர்தான். உன் அப்பா கிண்டல் செய்வார்: "இன்னா மச்சான், தார் டப்பா எடுத்தாரல?"

"நான் இந்தம்மா சொல்ற தமிழைக் கேக்கறேன். பொட்டி இந்தில பேசிகினு இருந்தா அது பொட்டியோட தப்பு" என்பார் மாமா.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். நீ 'எதையோ' என்று எழுதியிருக்கிறாயே, அந்த எதையோவை முழுசாகச் சொல்கிறேன்.

கதையில் மந்திரவாதியின் ஆள் ஒருத்தி உண்டு. யாருடைய முகத்தை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு ராணியின் அரண்மனைக்குள் நடமாடுவாள். புத்தகத்தின் முதல் பாகத்திலேயே ஒரு விதி வருகிறது. அவளால் முகத்தை மாற்ற முடியும், குரலை மாற்ற முடியும், ஆனால் அவளுக்கு நிழல் விழாது. நிழலைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். டிவியில் இதை இன்னும் சொல்லவில்லை. நான் முந்திக்கொண்டு ஒரு டீத்தூள் விளம்பரத்தின்போது சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் ஹாலில் ஒருவரும் நடிகர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்கள். காவலாளி வந்தால் தரை. பணிப்பெண் வந்தால் தரை. "கீது, கீது, இவனுக்கு நெழலு கீது" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஏதோ டிக்கெட் பரிசோதனை மாதிரி நடந்தது.

புத்தகத்தில் அந்த வேஷக்காரி அரண்மனைச் சமையல்காரியாக வருவாள். டிவியில் சமையல்காரியே இல்லை. வெட்டிவிட்டார்கள். அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லாத ஒரு வைத்தியப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்தவள், அதிகம் பேசமாட்டாள். சமையல்காரியைத்தான் இப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு யோசனை இருந்தது. யோசனைதான். அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு, அந்த வைத்தியப் பெண் வெள்ளைப் பளிங்கு முற்றத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து கடந்தாள். மீன்கார அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏய்! நெழலு இல்லடி அவளுக்கு!"

உண்மைதான். இல்லை. அடுத்து விளம்பரம். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னாம்மா, அவதானா?" என்றார் உன் அப்பா.

பட்டறையில் கேஜ் வைக்காமல் ஒரு போல்ட்டைக்கூட நான் நல்ல டப்பாவில் போட்டதில்லை. இங்கே போட்டேன். "ஆமாண்ணா. அவதான்" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் என்னை நம்பிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் கிடையாது.

அதன்பிறகு ஆறு வாரம் அந்த வைத்தியப் பெண் எங்கள் ஹாலில் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் மருந்துக் கிண்ணத்தை நீட்டினால், "குடிக்காதே!" என்று பின்வரிசையிலிருந்து கத்துவார்கள். அவள் ராணியின் நெற்றியைத் தொட்டால் "கையை எடுடி" என்பார் மீன்கார அக்கா. தெருவில் யாராவது நைச்சியமாகப் பேசி ஏமாற்றினால் "அது சரியான வைத்தியச்சி" என்று பெயர் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

மூன்றாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரிய சபைக் காட்சி. வைத்தியப் பெண்ணுக்கு நிழல் இருந்தது. ராணிக்கு இல்லை. ஒரு சிப்பாய்க்கு இரண்டு நிழல். படம் எடுக்கிறவர்கள் விளக்கை எங்கே வைத்தார்களோ அப்படி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு தெருவே துப்பறிந்துகொண்டிருந்தது. உன் மாமா கேட்டுவிட்டார்: "ஏம்மா, ராணிக்கும் நெழலு காணோமே?"

"அவ நிக்கிற எடம் அப்படி மாமா" என்று சமாளித்தேன். முதல் வாரம் சொன்னது தப்பு. இது பொய். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஏழாவது வாரம் எல்லாம் வெளியே வந்தது. ராணி குடிக்க எடுத்த கோப்பையை அந்த வைத்தியப் பெண் பிடுங்கித் தானே குடித்துவிட்டாள். அதில் விஷம். கலந்தது படைத்தளபதி. அவன்தான் ஆரம்பத்திலிருந்தே அந்த வேஷக்காரி. ஆணாக வேஷம் போட்டிருப்பாள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்தத் தளபதிக்கு எல்லாக் காட்சியிலும் நிழல் இருந்தது. சுவர் உயரத்துக்கு, பெரிய நிழல். டிவிக்காரர்கள் நிழல் விதியையே எடுத்துக்கொள்ளவில்லை. வைத்தியப் பெண் ராணியின் மடியில் தலையை வைத்துச் செத்தாள்.

விளம்பரம் வந்தது. நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இந்தி தெரியாதவர்களுக்கும் எல்லாம் புரிந்திருந்தது.

மீன்கார அக்காவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இன்னாடி செஞ்சே நீ? ஆறு வாரமா அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசினேனே. நீ சொல்லித்தானேடி பேசினேன்?"

நிழல், விளக்கு, சமையல்காரி என்று எனக்கு நியாயங்கள் இருந்தன. எதையும் சொல்லவில்லை. "தப்பு என்னோடதுதான்க்கா. புக்கை வெச்சு நானா முடிவு பண்ணிச் சொன்னேன். நடுவுல சந்தேகம் வந்தப்பவும் மூடி மறைச்சேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். இதை எல்லாரும் கேட்டார்கள். அக்கா எழுந்து போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டார். மீதிக் கதையைப் பார்க்கவில்லை. நானும் என் போர்ஷனுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் தொடரின் பாட்டு கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெரிய சிரிப்புச் சத்தம். பிறகு உன் அப்பா பின்பக்கம் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"வாம்மா. பொட்டி ஓடிகினு கீது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் பிரியல."

"நான் வரலைண்ணா. அக்கா கோவமா இருக்காங்க."

"அவதான் இட்டாரச் சொல்லி அனுப்ச்சா. நானே சொல்லிப் பாத்தேம்மா. அவன் இன்னாவோ சொல்றான், இவ இன்னாவோ அழுவுறா, குதிரை ஓடுதுன்னேன். சிரிக்கிறானுங்க. மானம் பூடுச்சு."

தம்பி, உன் அப்பா கதை சொன்னது அந்த ஒரு நாள், ஒரே ஒரு விளம்பர இடைவேளை. குதிரை ஓடுகிறது என்றார். அதையே அவர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உன் காதில் அது எப்படி விழுந்ததோ எனக்குத் தெரியாது.

நான் ஈரக் கையோடு போனேன். அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "தப்பா சொன்னாலும் நீயே சொல்லு. ஆனா தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். ஆமா."

அப்படியே செய்தேன். புத்தகத்தில் இப்படி இருக்கிறது, டிவியில் என்ன செய்வார்களோ தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்கப்புறம்தான் அந்த ஹாலில் உண்மையான கொண்டாட்டம். ஆளாளுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று சொல்லிச் சண்டை போட்டார்கள். தம்பி மீனாகிவிடுவான் என்று உன் மாமா டீ பந்தயம் கட்டித் தோற்றார். ஏரி வற்றி, உள்ளேயிருந்து அந்தப் பையன் ஈரத்தலையோடு நடந்து வந்த கடைசி ஞாயிறு வரைக்கும், ஒரு வாரம் விடாமல், டிவிக்குப் பக்கத்தில் நின்று சொன்னது நான். காய்ச்சலோடும் சொன்னேன். ஏழு மாத வயிற்றோடும் சொன்னேன்.

மலரைப் படித்த மறுநாள் உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "விடுங்கக்கா, இதையெல்லாம் யாரு படிக்கப் போறா? அப்பா பேரு வரட்டும்னு போட்டேன். உங்களுக்கு இதுல என்ன போச்சு?"

என்ன போச்சு என்று கேட்டாயே. பட்டறையில் ஒன்பது வருஷம் செக் செய்தேன். அந்த போல்ட்டுகள் எந்த வண்டியில் ஓடுகின்றனவோ, அதில் நான் இருந்தேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது கூலிக்குச் செய்தது. இது நான் ஆசைப்பட்டுச் செய்தது, நன்றாகச் செய்தது. முப்பது பேர் வாய் பிளந்து கேட்டது என் வாயிலிருந்து வந்த கதை. அதில் என் தப்பு மட்டும் அச்சில் இருக்கும், மற்றதெல்லாம் வேறொருவர் பெயரில் இருக்கும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் அப்பாவைப் பெருமைப்படுத்த அவர் செய்ததே போதும். ஒரு தெருவையே வீட்டுக்குள் விட்டு, வாராவாரம் செருப்புக் குவியலைத் தாண்டித் தாண்டி நடந்த மனுஷன். அதை எழுதியிருக்கலாமே.

அடுத்த மாதம் சங்கத்தின் பொதுக்குழு. மைக் உன் கையில்தான் இருக்கும். உன் மாமா இன்னும் இருக்கிறார், நடக்க முடியாவிட்டாலும் ஆட்டோவில் அழைத்து வருகிறேன். அன்று அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இதே தெருவில் இருக்கிறார்கள், அவர்களும் வருவார்கள். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைக் கதையை இந்தத் தெருவுக்குச் சொன்னது யார்? என் காதோடு வந்து சமாதானம் பேசாதே, அடுத்த மலரில் பார்க்கலாம் என்று இழுக்காதே. எல்லார் முன்னாலும், அந்த மைக்கில், பதில் சொல்.